முகம் காட்டாத குரல்

தொலைக்காட்சியில் இசை நிகழ்ச்சி நடத்துவோரின் முகங்களை இன்று சிறு குழந்தைகளும் அறிவர். அவருள் ஒருவர் மறைந்தால் வீடுதோறும் துயரம் நிலவுகின்றது. ஆனால், 1979ஆம் ஆண்டில் தொலைக்காட்சி இலங்கைக்கு வருமுன்னரே, முகம் காட்டாமல் அத்தகைய அன்பைப் பெற்றவர்கள் நம் வானொலி அறிவிப்பாளர்கள். அவர்களுள் ஒருவரான கே. எஸ். ராஜாவை இவ்வாரம் நினைவுகூர்வோம்.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கிற்று. அதில் எஸ். பி. மயில்வாகனம் வகுத்த பாதையில், பின்னாளில் வந்து புகழ் பெற்றவர் காரைநகரைச் சேர்ந்த ராஜா. எழுபதுகளில் அவர் குரல் கடல் கடந்து தமிழகத்து இல்லங்களிலும் ஒலித்தது. 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் அவர் ஒரு வினாவை எழுப்புவார். திரைப்படத்தில் நடிகர் பேசிய வசனத் துண்டொன்று அதற்கு விடையாக வந்து விழும். கேட்போர் வயிறு குலுங்கச் சிரிப்பர். அவர் மின்னல் வேகத்தில் பேசுவார். ஆயினும் ஓரெழுத்தேனும் சிதைந்ததில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலுள்ளது நம் கண்டக்குழி. சோளகம் வீசும் மாதங்களில் இங்கே கடல் கொந்தளிக்கும். தோணிகள் கரையேறிக் கிடக்கும். அந்நாளில் வாடியில் வலை பொத்துவோரின் நடுவே சிறு வானொலிப் பெட்டி ஒன்று இருக்கும். பாட்டு ஒலிக்கும்போது கைகள் வேலையில் இருக்கும். ராஜா பேசத் தொடங்கினாலோ கைகள் தாமாகவே நின்றுவிடும்!

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடல் ஆகாது. புத்தளம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, சில தலைமுறைகளுள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறிவிட்டன. பள்ளிகளில் போதனாமொழி மாறியமை இதற்கு ஒரு முக்கிய காரணம். சிங்களம் கற்பது குற்றமன்று. அது நமக்கு மற்றொரு செல்வம். பாட்டியின் மொழி பேரனுக்கு விளங்காமற் போவதே துயரம். எங்கள் அயலில், சிங்களவழி பயின்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தமக்கு ழகரம் கற்பித்த ஆசிரியர் ராஜாவே என்று அவர் இன்றும் கூறுவதுண்டு. பள்ளியில் கிட்டாத தமிழ், அவருக்குப் பற்றறிப் பெட்டியின் வழியே கிட்டியது.

1983ஆம் ஆண்டின் கொடுமைகள் எத்தனையோ தமிழர் வாழ்வைக் குலைத்தன. ராஜாவின் வாழ்வும் அவற்றினின்று தப்பவில்லை. 1994இல் அவர் கொழும்பில் கொலையுண்டார். சொல்லையே தொழிலாகக் கொண்டவரை வன்முறை வாயடைத்துவிட்டது. நாளும் நம் வீட்டுக்கு வந்து பேசிய ஒருவருக்கு இந்த முடிவு நேர்ந்ததை எண்ணும்போது நெஞ்சம் பதைக்கின்றது.

மறைந்தவருக்கு நாம் செய்யத்தக்கது யாது? அக்காலத்தில் வானொலியிலிருந்து பதிவு செய்த ஒலிநாடாக்கள் சில இல்லங்களில் இன்னும் கிடக்கலாம். உப்புக்காற்று இரும்பை மட்டுமா அரிக்கும்? நாடாக்களும் நாளடைவில் கெட்டுப்போகும். அவற்றை இப்பொழுதே தேடியெடுத்துப் படியெடுத்து வைத்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே, இந்தப் பணிக்கு உங்கள் கைத்தொலைபேசியே போதும். படியெடுத்த பின் பாட்டியைப் பக்கத்தில் இருத்தி, அக்குரலை ஒருமுறை கேளுங்கள். விளங்காத சொல்லுக்கு அவரிடம் பொருள் கேளுங்கள். அன்று உங்கள் வீட்டில் தமிழ் சற்று நேரம் கூடுதலாகப் பேசப்படும்.