பானெட்டுக்குள்ளே: அந்தச் சின்னக் குழாயைப் பிடுங்காதீர்கள்! பழைய காரில் 'வேக்குவம் அட்வான்ஸ்' என்ன வேலை செய்கிறது?

தாத்தா காலத்து பெட்ரோல் அம்பாசிடர் வீட்டில் நிற்கிறதா? பானெட்டைத் திறந்து பாருங்கள். ஸ்பார்க் பிளக் வயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும். அதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் பக்கவாட்டில் வட்டமாக ஒரு தகர டப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த டப்பியிலிருந்து கார்புரேட்டர் பக்கமாக ஒரு மெல்லிய குழாய் போகும்.

பல வண்டிகளில் அந்தக் குழாய் இருக்காது. எப்போதோ பிடுங்கிப் போட்டு, முனையில் ஒரு ஸ்க்ரூவைச் செருகியிருப்பார்கள். 'அது இல்லாமலே வண்டி ஓடுதே!' என்பார்கள். ஓடும்தான். ஆனால், அதற்கான பில்லை பெட்ரோல் பங்க்கில் நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தீப்பொறிக்கு ஏன் அவசரம்?

ஊஞ்சலைத் தள்ளியிருப்பீர்கள். பின்னால் வந்து, திரும்பி இறங்கத் தொடங்கும் நொடியில் தள்ளினால் நன்றாக ஆடும். முன்கூட்டியே தள்ளினால் கைதான் வலிக்கும். தாமதமாகத் தள்ளினால் வேகம் கிடைக்காது. இன்ஜினில் பிஸ்டனும் அப்படித்தான். அது உச்சிக்கு வந்து கீழே இறங்கத் தொடங்கியதுமே முழு அழுத்தமும் அதன் தலையில் விழ வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சட்டென்று வெடிப்பதில்லை. தீ பிடித்துப் பரவ நேரம் எடுக்கும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே தீப்பொறி விழ வேண்டும். இதைத்தான் 'அட்வான்ஸ்' என்கிறோம்.

ஒரு எளிய கணக்கு பார்ப்போம். தீ பரவ 2 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 ஆர்.பி.எம் ஐடிலிங்கில் அந்த நேரத்துக்குள் கிராங்க் சுமார் 7 டிகிரிதான் சுற்றும். 3,000 ஆர்.பி.எம்மில் அதே நேரத்தில் 36 டிகிரி சுற்றிவிடும். வேகம் கூடக் கூட, பொறியும் முந்தி விழ வேண்டும்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் இதை டிரைவரே கையால் செய்ய வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கென்று ஒரு லீவர் இருந்தது. ஹேண்டிலைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது அந்த லீவரைப் பின்னுக்குத் தள்ள மறந்தால், இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்துக் கையையே உடைத்துவிடும்!

இரண்டு பேர் செய்யும் வேலை

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டரே பார்த்துக்கொள்கிறது. உள்ளே இரண்டு சின்ன எடைகள், ஸ்பிரிங்குகளோடு இருக்கும். வேகம் கூடினால் அவை ராட்டினம் போல வெளியே விரிந்து, பொறியை முந்த வைக்கும். இது வேகத்துக்கான கணக்கு.

ஆனால், வேகம் மட்டும் போதாது. சுமையும் முக்கியம். திருவிழாக் கூட்டத்தில் ஒரு செய்தி சட்டென்று பரவிவிடும். ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றால் மெதுவாகத்தான் போய்ச் சேரும். சமதளச் சாலையில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது, சிலிண்டருக்குள் கலவை குறைவாகவே போகிறது. அங்கே தீ மெதுவாகப் பரவும். எனவே, பொறி இன்னும் கொஞ்சம் முந்த வேண்டும்.

இங்கேதான் அந்தத் தகர டப்பி வருகிறது. த்ராட்டில் பாதி மூடியிருந்தால், இன்ஜின் காற்றை இழுக்கும்போது வெற்றிட உறிஞ்சல் அதிகமாக இருக்கும். அது குழாய் வழியாக வந்து டப்பிக்குள் இருக்கும் டயாஃப்ரமை இழுக்கும். டயாஃப்ரத்தோடு இணைந்த கம்பி, சி.பி. பாயின்ட் இருக்கும் தட்டை நகர்த்தும். பொறி முந்தும்.

மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறீர்கள். உறிஞ்சல் குறைந்துவிடும். ஸ்பிரிங் தட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளும். கலவை நெருக்கமாக இருக்கும் நேரத்தில் பொறி அதிகம் முந்தினால், 'நாக்கிங்' வந்து பிஸ்டனையே பதம் பார்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பின்வாங்கல்.

கெட்டுப்போனால் எப்படித் தெரியும்?

குழாய் வெடித்தாலோ டயாஃப்ரம் கிழிந்தாலோ வண்டி நின்றுவிடாது. அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. மிதமான வேகத்தில் மந்தம், மைலேஜ் குறைவு, வழக்கத்தைவிட அதிகச் சூடு ஆகியவை இதன் அறிகுறிகள். கிழிசல் வழியாகக் காற்று புகுந்தால் ஐடிலிங்கும் தடுமாறலாம்.

வீட்டிலேயே சோதிக்க:

* இன்ஜினை அணைத்து, ஆறவிடுங்கள். ரப்பர் குழாயையும் இணைப்புகளையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

* டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றுங்கள். அந்த முனையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சைப் பொருத்தி இழுங்கள். பெட்ரோல் இருக்கலாம் என்பதால் வாயால் உறிஞ்ச வேண்டாம்.

* தட்டு நகர்ந்து, சிரிஞ்சை விடாமல் பிடித்திருக்கும் வரை அங்கேயே நின்றால் எல்லாம் சரி. நகர்ந்து, உடனே திரும்பினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. உறிஞ்சல் நிற்கிறது, தட்டு மட்டும் அசையவில்லை என்றால் தட்டு இறுகிப்போயிருக்கிறது. சுத்தம் செய்தாலே சரியாகலாம்.

டைமிங் வைக்கும்போது கவனம்

டைமிங் லைட் வைத்து ஐடிலிங்கில் டைமிங் செட் செய்யும்போது, பெரும்பாலான கார்களில் இந்தக் குழாயைக் கழற்றி, முனையை அடைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். உங்கள் காரின் மேனுவலில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். அந்த மறதியில்தான் பல கார்கள் குழாயை இழந்திருக்கின்றன. ஓடும் இன்ஜின் பக்கத்தில் துப்பட்டா, தொங்கும் செயின், தளர்ந்த சட்டைக்கை எதுவும் வேண்டாம். ஃபேன் யாரையும் பார்த்துச் சுற்றாது.

உங்களுடையது டீசல் அம்பாசிடர் என்றால் தேட வேண்டாம். டீசல் இன்ஜினில் தீப்பொறியே கிடையாது. புதிய பெட்ரோல் கார்களில் இதே கணக்கை சென்சார்களும் கம்ப்யூட்டரும் போடுகின்றன.

உத்தர்பாராவில் 1958-ல் தொடங்கிய அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. இனி புது வண்டி வராது. இருப்பதைக் காப்பாற்றுவது நம் கையில்தான். அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, 'அண்ணே, வேக்குவம் டப்பி வேலை செய்யுதா பாருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஸ்க்ரூ செருகிய குழாயாக இருந்தால், முதல் வேலை அதுதான்.