ஓட வேண்டிய அடைப்பும் நிதானிக்க வேண்டிய அடைப்பும்

குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்துவிட்டால் நீலகிரி நின்றுவிடுவதில்லை. லாரிகளும் பஸ்களும் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடப்படுகின்றன. நேரம் கூடுகிறது, நெரிசல் ஏற்படுகிறது. ஆனாலும் காய்கறி கீழே இறங்குகிறது, அரிசி மேலே ஏறுகிறது.

மனிதனின் இதயத்திலும் இப்படி மாற்று வழிகள் உண்டு. இது தெரியாததால், பறந்து ஓட வேண்டிய நேரத்தில் சிலர் வீட்டில் படுத்துக் கிடக்கிறார்கள். நிதானமாக யோசிக்க வேண்டிய நேரத்தில் வேறு சிலர் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள்.

இதயம் ஒரு கைமுட்டி அளவுதான். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் அந்தத் தசைக்கும் ரத்தம் வேண்டாமா? அதைக் கொடுப்பவை 3 முக்கிய ரத்தக் குழாய்கள். அவை 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. அவற்றில் ஒன்று முழுவதும் அடைபடுவதைத்தான் “100 சதவீத அடைப்பு” என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள்.

100 சதவீதம் என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே கதிகலங்கிப் போகிறது. ஆனால் இதில் இரண்டு வகை உண்டு.

திடீர் அடைப்பு

குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்பு திடீரென்று வெடிக்கிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழியை மூடிவிடுகிறது. மாற்று வழி உண்டாக அவகாசமே இல்லை. இதுதான் மாரடைப்பு. இதயத் தசை உடனே சாகத் தொடங்குகிறது. செத்த தசை மறுபடி பிழைப்பதில்லை.

நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை வைத்தாற்போல் கனம். இடது கையிலோ தாடையிலோ வலி. ஊட்டிக் குளிரிலும் உடம்பெல்லாம் வியர்வை. இவைதான் அடையாளம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வலி இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வருவதும் உண்டு. “வாயுப் பிடிப்பு” என்று சொல்லி நீலகிரித் தைலத்தை மார்பில் தேய்த்து, சுக்குக் காப்பி கொடுத்துக் காத்திருப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. தைலம் சளிக்கு நல்லதாக இருக்கலாம். உறைந்த ரத்தத்தை அது கரைக்காது.

இந்த அடைப்பை மெல்லிய குழாய் செலுத்தித் திறப்பதே சிறந்த வைத்தியம். அதை 2 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. மலையில் அது எளிதா? ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதய வைத்தியத்துக்குப் பெயர் பெற்ற பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கும் கோவை, சுமார் 85 கிலோ மீட்டர் கீழே. நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள், மூடுபனி, சீசன் நேரத்துக் கார் வரிசை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அது இன்னும் தூரம்.

இதற்கும் வழி இருக்கிறது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட வேண்டும். பிறகு நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பெரும்பாலும் 3 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் குழாய் செலுத்திப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து இந்த முறை சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகள் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 100 குடும்பங்களில் 3 குடும்பங்களுக்கு மேல் தப்பின என்று பொருள்.

2023 ஜூன் மாதம் தமிழக அரசு “இதயம் காப்போம்” திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் 14 மாத்திரைகளை ஒரே வேளையில் கொடுக்கிறார்கள். ரத்தம் மேலும் உறையாமல் தடுப்பவை 6, கொழுப்புக்கானவை 8. இது வழிக் கட்டுச்சோறு மாதிரிதான். மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் படுத்தால் என்ன பயன்? 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது மலை மக்களுக்கு ஒரு பெரிய ஆறுதல்.

பழைய அடைப்பு

இரண்டாவது வகை மெதுவாக வருவது. குழாய் வருஷக்கணக்கில் குறுகி, கடைசியில் மூடிக்கொள்கிறது. 3 மாதமோ அதற்கு மேலோ மூடியே கிடந்தால் அது பழைய அடைப்பு. ஆஞ்சியோகிராம் செய்து இதயக் குழாய் நோய் இருப்பதாகத் தெரியவந்தவர்களில் ஏறத்தாழ ஐந்திலோ ஆறிலோ ஒருவருக்கு இது இருக்கிறது. அதற்குள் பக்கத்துக் குழாய்களிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் வளர்ந்து ரத்தம் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றன. இதுதான் இதயத்தின் கோத்தகிரிப் பாதை! சும்மா இருக்கும்போது அது போதும். கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறும்போது போதாது. அப்போது நெஞ்சு வலிக்கிறது.

இதைத் திறப்பது சாதாரண வேலையல்ல. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ குழாயை நுழைத்து, அதன் வழியே 0.36 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியை அனுப்புகிறார்கள். அடைப்போ பழகிப் பழகிச் சுண்ணாம்பு போல் இறுகிக் கிடக்கிறது. முன்பக்கம் வழி கிடைக்காவிட்டால், அந்தக் கிளை வழியாகச் சுற்றி வந்து பின்பக்கத்திலிருந்து துளைப்பதும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மண்ணை அகற்ற முடியாதபோது, குன்னூரிலிருந்து ஆள் இறங்கி வருவது போன்றது இது. இந்த முறையை வளர்த்தவர்கள் ஒசாமு காட்டோ முதலிய ஜப்பானிய டாக்டர்கள். வழி கிடைத்ததும் பலூனால் விரித்து, வலைக்குழாய் பொருத்துகிறார்கள். அதுதான் ஸ்டென்ட்.

1929-ல் ஜெர்மனியின் போர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தம் கை நரம்பு வழியாகத் தம் இதயத்துக்கே குழாய் செலுத்திக்கொண்டார். 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1977-ல் சூரிச் நகரில் குருயன்ட்சிக் முதன்முதலாக இதயக் குழாயைப் பலூனால் விரித்தார். 1980-களிலேயே அந்த வித்தை சென்னைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர்களில் முன்னோடி டாக்டர் மாத்யூ சாமுவேல் களரிக்கல்.

தேர்ந்த கைகளில், பழைய அடைப்பு 10 பேரில் 8 அல்லது 9 பேருக்குத் திறந்துகொள்கிறது. குழாய் கிழிந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் கசியும் அபாயமும் உண்டு. படமெடுக்கச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

சரி, திறந்தால் ஆயுள் கூடுமா? இங்கேதான் நிதானம் வேண்டும். மாரடைப்பு வந்து 3 நாள் முதல் 28 நாள் கழித்து, மூடிய குழாயைத் திறந்து பார்த்த ஆராய்ச்சி 2006-ல் வெளியானது. 2,166 பேரில் செய்தும், சாவோ மறு மாரடைப்போ குறையவில்லை. பழைய அடைப்பைப் பற்றிக் கொரிய டாக்டர்கள் 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் அதையே சொன்னது. ஆனால் 2018-ல் ஐரோப்பாவில் 396 பேரிடம் நடந்த சோதனையில் ஒரு நன்மை தெரிந்தது. திறந்துகொண்டவர்களுக்கு நெஞ்சு வலி குறைந்தது. அன்றாட வாழ்க்கை சுலபமாயிற்று.

ஆகவே, மருந்து சாப்பிட்டும் மேடு ஏறும்போது வலிக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்பவருக்கு இந்தச் சிகிச்சை பெரிய உதவி. மாத்திரையிலேயே வலி நின்றவர், “100 சதவீதம்” என்ற சொல்லுக்குப் பயந்து அன்றிரவே கடன் வாங்க வேண்டியதில்லை. எந்த வகை அடைப்பு, அந்தப் பகுதித் தசை உயிரோடு இருக்கிறதா, திறந்தால் என்ன குறையும் என்று டாக்டரைக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பல குழாய்கள் கெட்டிருந்தால் பைபாஸ் ஆபரேஷனே நல்லதாகவும் இருக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதய சிகிச்சைகள் சேர்ந்திருப்பதால், அந்த அட்டை இருக்கிறதா என்பதையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை டாக்டர் சொல்லும் காலம் வரை நிறுத்தவே கூடாது. எஸ்டேட்டில் சம்பளம் தாமதமாயிற்று, மருந்துக்கடைக்குப் போக மழை விடவில்லை என்று சில நாள் விட்டாலும், புதிதாக வைத்த வலைக்குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். அப்போது வருவது நிதானிக்கக்கூடிய அடைப்பு அல்ல. 108-ஐ அழைக்க வேண்டிய அடைப்பு.