வீடூர் அணைக்கு வேண்டும் சூரியப் படகு!

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலம் பக்கத்தில் இருக்கிறது வீடூர் அணை. சங்கராபரணி ஆறும் தொண்டி ஆறும் கூடும் இடத்தில், 1959-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. அணையின் உயரம் 32 அடி.

நல்ல மழை பெய்து அணை நிரம்பினால் சுற்று வட்டாரத்துக்கே கொண்டாட்டம்தான். குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கிறார்கள். திரும்பிப் போகிறார்கள். "இங்கே ஒரு படகு விட்டால் என்ன?" என்று குழந்தைகள் கேட்பது நியாயமான கேள்விதான்.

விடலாம். ஆனால், எந்தப் படகு?

டீசல் படகு வேண்டாம். அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிற தண்ணீர். அதில் எண்ணெய் சிந்தக் கூடாது. புகையும் தடதட சத்தமும் சேர்ந்தால், அமைதியைத் தேடி வந்தவர்களுக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

சூரிய வெளிச்சத்தில் ஓடும் மின்சாரப் படகே வீடூருக்கு ஏற்றது.

வைக்கத்தில் ஓடிய படகு

இது வெறும் கனவு அல்ல. பெரியார் போராடிய வைக்கம் நகரை எல்லோருக்கும் தெரியும். அங்கே வேம்பநாட்டு ஏரியில், 2017-ம் ஆண்டு ஜனவரி மாதம், 'ஆதித்யா' என்ற சூரியப் படகு ஓடத் தொடங்கியது. கேரள நீர்ப் போக்குவரத்து இலாகாவின் படகு அது. 75 பேர் ஏறலாம். படகின் கூரை முழுவதும் சூரியத் தகடுகள். அவற்றில் உண்டாகும் மின்சாரம் பேட்டரியில் சேருகிறது. பேட்டரி மோட்டாரை ஓட்டுகிறது.

டீசல் படகுக்கு ஒரு நாளைக்குப் பல ஆயிரம் ரூபாய் எண்ணெய்ச் செலவு. இதற்கோ சில நூறு ரூபாய் மின்சாரம் போதும்!

வீடூருக்கு அவ்வளவு பெரிய படகு தேவை இல்லை. 8 பேர் உட்காரும் சிறு படகு போதும். ஆனால் அது லேசான படகாக இருக்க வேண்டும். இதுதான் முக்கியமான சங்கதி.

ஏன் லேசாக இருக்க வேண்டும்?

ஒரு சதுர மீட்டர் சூரியத் தகடு, நல்ல வெயிலில் ஏறத்தாழ 200 வாட் மின்சாரம் தரும். சிறு படகின் கூரையில் 8 சதுர மீட்டர் தகடு பொருத்தலாம். மொத்தம் 1,600 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளுக்குத்தான் இது காணும்! இதை வைத்துக் கொண்டு எட்டுப் பேரை ஏற்றிச் செல்ல வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பார்த்துக் கட்ட வேண்டும். பழைய ஈயப் பேட்டரி 150 கிலோ இருந்தால், அதே அளவு மின்சாரத்தைச் சேர்க்கும் லித்தியம் பேட்டரி சுமார் 50 கிலோதான் இருக்கும். ஒன்றரை ஆள் பாரம் மிச்சம்!

வேகமும் அப்படியே. வேகத்தை இரு மடங்கு ஆக்கினால், மின்சாரம் ஏறத்தாழ எட்டு மடங்கு வேண்டும். உல்லாசமாகப் போகிறவர்களுக்கு என்ன அவசரம்? ஆள் வேகமாக நடக்கும் வேகத்தில் படகு போனால் போதும்.

லேசான படகால் இன்னொரு லாபமும் உண்டு. ஆழம் குறைந்த தண்ணீரிலும் அது மிதக்கும். கோடையில் அணை வற்றினால், டிராக்டரில் ஏற்றிப் பத்திரமான இடத்துக்குக் கொண்டு போகலாம்.

உயிரோடு விளையாடக் கூடாது

லேசு என்பதற்காகப் படகு ஆடக் கூடாது. 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்தது. 45 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தை மறக்கலாமா?

கூரையில் பாரம் ஏற ஏறப் படகு சாய்வது சுலபமாகிவிடும். கண்ணாடித் தகடுகள் கனமானவை. அதனால் கூரைக்கு மெல்லிய தகடுகளே நல்லது. பேட்டரியைப் படகின் அடியில் வைக்க வேண்டும்.

இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தது போன்ற அமைப்பு இன்னும் நல்லது. அகலமாக இருப்பதால் எளிதில் சாயாது. 'ஆதித்யா'வும் அப்படிப்பட்டதுதான். அந்த வகைப் படகுக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர், நம் 'கட்டுமரம்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது!

எட்டுப் பேர் படகில் ஒன்பதாவது ஆள் ஏறக் கூடாது. குழந்தை உள்பட எல்லோரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். எடையைக் குறைக்கிறோம் என்று இதில் கை வைப்பது பாவம்.

கழுவெளி வேண்டாம்

வீடூரில் படகு வந்தால், அடுத்து மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஏரியிலும் விடலாமே என்று சிலர் சொல்லக் கூடும். கூடாது! அது 2021-ம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். கடல் கடந்து வரும் பறவைகள் அங்கே இரை தேடி இளைப்பாறுகின்றன. சத்தம் இல்லாத படகானாலும், அருகே போனால் பறவை பயந்து பறக்கும். கரையிலிருந்து பார்ப்பதே அழகு.

பணம் எங்கே?

சூரியப் படகுக்கு முதலில் செலவு அதிகம்தான். ஆனால் தினமும் எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டியது இல்லை. அந்த மிச்சத்தில் கட்டணத்தைக் குறைக்கலாம். கூலி வேலை செய்யும் குடும்பமும் பிள்ளைகளை அழைத்து வந்து ஒரு சுற்றுப் போகலாம். பணக்காரருக்கு மட்டும் என்றால் அந்தப் படகு எதற்கு?

கடலோரத்தில் பைபர் படகைப் பழுது பார்க்கும் கைகள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. தொழிற்பயிற்சி படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. அதிகாரிகள் மனம் வைத்து ஒரே ஒரு படகை முதலில் விட்டுப் பார்க்கட்டும்.

திண்டிவனம் வெயில் இத்தனை காலமாக மண்டையைப் பிளந்தது போதும். இனி அது படகு ஓட்டட்டும்!