உரியவரில்லாக் கணக்கு

கணக்கு எழுதுவோர்க்குக் கடமைகள் இரண்டு. தொகையைப் பிழையின்றி எழுதுதல் ஒன்று; அத்தொகை எவருடையது என்பதைப் பிழையின்றி எழுதுதல் மற்றொன்று. கணிப்பொறி வந்தபின் முதற்கடமை எளிதாயிற்று. இரண்டாவது கடமை பண்டுபோல் மனிதரிடமே நிற்கின்றது. கணிப்பொறி பயிலும் நம் மாணாக்கர் பலர் இதனை உணராதிருத்தல் கண்டு, எமக்கு நேர்ந்த ஒன்றை முன்வைத்துச் சில சொல்லத் துணிந்தோம்.

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியிலுள்ள பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களில் மலைப்பூண்டு விளைகின்றது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அது மலையிறங்கிப் பெரியகுளத்தையடுத்த வடுகபட்டிச் சந்தைக்குச் செல்வது யாவரும் அறிந்ததே. அத்தகைய பூண்டை வாங்கி விற்கும் மலையடிவாரக் கடையொன்றின் கணக்கைப் பழைய மென்பொருளினின்று புதியதற்கு மாற்ற, யாமும் நண்பர் ஒருவரும் சென்றிருந்தோம்.

அக்கணக்கில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் விவசாயிகளின் பெயரும், அவரவர்க்குரிய எண்ணும். மற்றொன்றில் வந்த மூட்டைகளும், அவற்றைக் கொணர்ந்தவரின் எண்ணும். இவ்விரண்டாம் அட்டவணையில் நிற்கும் விவசாயியின் எண்ணையே ஃபாரின் கீ, அதாவது அயற்சாவி, என்பர். முதல் அட்டவணையில் இல்லாத எண் இரண்டாவதில் நுழைதல் கூடாது என்பது விதி. இ. எஃப். காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலேயே இக்கருத்து இடம்பெற்றுள்ளது.

பதிவுகளை ஏற்றுங்கால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 1452 என்னும் பிழையெண்ணைக் காட்டி நின்றுவிட்டது. சேய்ப்பதிவுக்குரிய தாய்ப்பதிவு இல்லை என்பது அதன் பொருள். மாலைக்குள் வேலையை முடிக்கும் அவசரத்தில், அயற்சாவிச் சோதனையையே நிறுத்திவைக்கும் கட்டளையை இட்டோம். யாவும் தடையின்றி ஏறின. சோதனையை மீண்டும் இயக்கினோம். மறுப்பு ஒன்றும் எழவில்லை. மகிழ்ந்து வீடு திரும்பினோம். மீண்டும் இயக்கப்பெற்ற சோதனை, இடையில் நுழைந்துவிட்டவற்றைத் திரும்பிப் பாராது என்பதை அன்று அறியோம்.

மாத இறுதியிற் பட்டுவாடாப் பட்டியல் அச்சாயிற்று. அதில் மூன்று விவசாயிகளின் பெயர் இல்லை. பேருந்தில் மலையிறங்கி வந்த முதியவர் ஒருவர் கடைச்சீட்டை நீட்டி, "பூண்டு போட்டதுக்குச் சீட்டு இருக்கு தம்பி, பணம் எங்கே போச்சு?" என்று வினவினார். யாம் தலைகுனிந்தோம். ஆராய்ந்ததில், முதல் அட்டவணையில் '007' என்றிருந்த எண் மற்றதில் '7' என்றிருக்கக் கண்டோம். ஏனையிருவர்க்கும் அவ்வாறே. எண்கள் எழுத்து வடிவிற் சேமிக்கப்பட்டிருந்தமையால், இயந்திரத்திற்கு அவை வெவ்வேறாயின. மூட்டைகள் கணக்கில் இருந்தன. அவற்றிற்கு உரியவர் இலர். இரு அட்டவணைகளையும் பொருத்தி எடுக்கும் பட்டியல், பொருந்தாதவற்றை வாய்திறவாமல் விட்டுவிட்டது. அதற்கு முன்னமே வாய்திறந்த பிழைச் செய்தியை அடக்கியவர் யாமே.

ஆதலின், அயற்சாவிப் பிழை தோன்றுமிடத்துச் சோதனையை நிறுத்துதல் முறையன்று என்பது எம் துணிபு. செய்யத்தக்கவை பிற உள. தாய் அட்டவணையை முன்னும் சேய் அட்டவணையைப் பின்னும் ஏற்றுக. இருபுறத்துச் சாவிகளும் வகையாலும் அளவாலும் ஒத்தனவா என்று நோக்குக. முன்பின் ஒட்டிய வெற்றிடங்களையும், வெறுமைக்கு மாற்றாக எவரோ இட்ட சுழியத்தையும் தேடுக. பின்னர்த் தாயில்லாச் சேய்ப்பதிவுகளைத் தனியே பட்டியலிட்டு, உரியவர் எவரென ஏட்டையும் கடைக்காரரையும் கேட்டுத் தெளிக, ஊகித்து நிரப்பற்க. தாய்ப்பதிவை நீக்கும்போது எழும் 1451 என்னும் பிழைக்கும் இதுவே முறை. தாயை நீக்கினாற் சேயும் உடன் நீங்குமாறு அமைத்தால் பிழை மறையும். ஒருவர் பெயரோடு அவருடைய கொடுக்கல்வாங்கல் முழுதும் மறையும். கணக்கில் அத்தகையோரை நீக்காது, 'இப்போது வருவதில்லை' எனக் குறித்தலே நன்று.

சோதனையால் வேகம் குன்றும், அதனை நிரலிலேயே செய்துகொள்ளலாம் என்பார் உளர். பெருந்தொகையான பதிவுகளை ஏற்றுங்கால் வேகம் குன்றுதல் மெய்யே. அப்போது நிறுத்திவைப்பினும், கடை திறக்குமுன் தாயில்லாப் பதிவுகளைத் தேடிக் களைதல் வேண்டும். நிரலை நம்புதலோ போதாது. தரவுத்தளத்திற்கு வாயில்கள் பல. நிரல் அவற்றுள் ஒன்றையே காக்கும்.

இம்மலையிலேயே இதற்கோர் ஒப்புமை உண்டு. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904-ஆம் ஆண்டு முதலாகக் கதிரவனின் ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. ஒரு பழந்தகட்டிற்குரிய நாளும் நேரமும் பிறழ்ந்துவிடின், அதிற் கதிரவன் இருக்கும். எந்நாளைய கதிரவன் என்பது இராது. நூறாண்டு மாறுதலை ஆராய்வோர்க்கு அத்தகடு என் பயக்கும்?

அம்மூவர்க்கும் பணம் சேர்ப்பிக்கப்பட்டது. பொருந்தா எண்களைத் திருத்தியது அரைநாள் வேலையே. அதனை முதல்நாளே செய்திருக்கலாம். தேர்வுக்கெனச் செய்யும் செயல்திட்டங்களில் இச்சோதனையை நிறுத்திவைத்து மதிப்பெண் பெறும் மாணாக்கரை யாம் வேண்டுவது ஒன்றே. நாளை நீவிர் எழுதும் கணக்கின் மறுமுனையில், கையிற் சீட்டோடு ஒருவர் நிற்பார். அவரை நினைந்து அப்பிழைச் செய்தியை ஒருமுறை முழுதும் படியுங்கள்.