மதில் மேல் சாமுராய்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. சம்பள உயர்வைத் தள்ளிப்போட்ட அதே வாரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் கவசம் போட்ட ஒரு சாமுராய். அவர் காலடியில் கொட்டை எழுத்தில் 'விசுவாசம்'. பயிற்சியாளர் குரலைத் தழைத்துக்கொண்டு சொன்னார்: "தலைவனுக்காக உயிரையே விடுவான் சாமுராய். காட்டிக்கொடுக்கிற புத்தி அவன் ரத்தத்திலேயே கிடையாது." நாற்பது பேரும் தலையாட்டினார்கள். எனக்குக் கொபயாகவா ஹிதெயாகி ஞாபகம் வந்துவிட்டார். அவர் வந்துவிட்டால் அப்புறம் வேறெதுவும் காதில் ஏறாது.

1600 அக்டோபர் 21, செகிகஹாரா. ஜப்பான் யார் கைக்குப் போகும் என்று முடிவான போர். ஒரு பக்கம் தொகுகாவா இயெயாசு. எதிரே, இரண்டு வருடம் முன்பு இறந்துபோன ஆட்சியாளர் ஹிதெயோஷியின் சின்னப் பிள்ளைக்காக நிற்கிறோம் என்று இஷிதா மிட்சுனாரியின் அணி. நம் ஹிதெயாகி, ஹிதெயோஷியின் மனைவிக்கு உடன்பிறந்தவரின் மகன். அந்த வீட்டிலேயே தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர். உண்ட வீடு என்றால் அதைவிட உண்ட வீடு உண்டா? அவர் சுமார் 15,000 பேரோடு மாட்சுவோ மலை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கீழே வெட்டிக்கொண்டு சாகிறார்கள். மேலே மதில் மேல் பூனை. பேரம் இரண்டு பக்கமும் நடந்திருந்தது. பூனை எப்போதடா குதிக்கும் என்று பொறுமையிழந்த இயெயாசு, மலையைப் பார்த்துச் சுடச் சொன்னதாகக்கூட ஒரு கதை உண்டு. கடைசியில் குதித்தது, தன் அணியிலேயே இருந்த ஒதானி யோஷிட்சுகுவின் மேல். அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற இன்னும் நான்கு பிரபுக்களும் கட்சி தாவினார்கள். பரிசு ஒகயாமா: 5 லட்சம் கொக்குவுக்கு மேல் மதிப்பிட்ட சீமை. ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் வருடம் முழுக்கச் சாப்பிடும் அரிசி. செஞ்சோற்றுக் கடனை இவ்வளவு துல்லியமாக அளந்து காட்டிய நாடு வேறு இருக்காது.

ஏதோ ஒரு புல்லுருவி என்று தள்ளிவிடாதீர்கள். அதே களத்தில் இன்னொரு மலையில், மிட்சுனாரி அணியிலேயே இருந்த மோரி குலத்துப் படை. முன்வரிசையில் இருந்த கிக்காவா ஹிரோயியெ ரகசியமாக இயெயாசுவோடு பேசி முடித்துவிட்டு, வழியை அடைத்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்த மோரி ஹிதெமோத்தோவிடம் "ஏன் இறங்கவில்லை?" என்று கூட்டாளிகள் ஆள் அனுப்பிக் கேட்டபோது, "வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்று பதில் போனதாம். நடக்காத அந்தச் சாப்பாடு, 'காலிச் சோற்றுப் பெட்டி' என்று ஜப்பானில் இன்றும் கிண்டல் பேச்சு.

இப்படிப் பூனை குதித்ததால் கிடைத்த தொகுகாவா ஆட்சிதான் 1603 முதல் இரண்டரை நூற்றாண்டு விசுவாசத்தைப் போதித்தது. கட்சி தாவலில் ஜெயித்தவன் அடுத்தவனுக்குக் கட்சி தாவல் தடைச் சட்டம் போடுவது நமக்கொன்றும் புதிதில்லையே.

சாமுராய் அறத்தைப் புஷிதோ என்று சொல்லி உருகுகிறார்களே, அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் நிதோபே இனாசோ. 1900-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கிலப் புத்தகம்; எழுதியவர் குவேக்கர் கிறிஸ்தவர். சாவைப் பற்றி வாய் ஓயாத 'ஹகாகுரே' என்ற சாமுராய் நூலைச் சொல்லி எழுதவைத்த யமமோத்தோ சுனெதோமோ ஒரு போரையும் பார்த்ததில்லை. எஜமானர் 1700-இல் இறந்தபோது கூடவே சாகலாம் என்றால் அதற்குச் சட்டத்தில் தடை, மொட்டையடித்துத் துறவியானார். அந்த ஆட்சியில் பெரும்பாலான சாமுராய்கள் அரிசியில் சம்பளம் வாங்கிய குமாஸ்தாக்கள். அடுத்த தவணை அரிசியை முன்கூட்டியே வியாபாரியிடம் அடகு வைத்துவிட்டு, இடுப்பில் இரண்டு கத்தியோடு வீட்டில் உட்கார்ந்து குடை ஒட்டியவர்களும் உண்டு. குடை ஒட்டும் சாமுராயை எந்தக் காப்பிக் கோப்பையில் அச்சடித்திருக்கிறார்கள்?

அந்த அரிசியை விளைவித்தவனுக்குத் திரையில் இடமே இல்லை. 1588-இல் குடியானவர்களின் வாள்களைப் பிடுங்கியவர் ஹிதெயோஷி. அவரே எளிய குடியானவ வீட்டுப் பிள்ளை. ஏறி முடித்ததும் ஏணியை எட்டி உதைத்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு, விமான நிலையப் புத்தகக் கடையில் 'இக்கிகாய்' பக்கத்தில் சாமுராயின் வெற்றி ரகசியங்களை அடுக்கி வைக்கிறார்கள். முந்நூறு ரூபாய்க்கு ரகசியம்! பக்கத்துக் கடையில் ஒரு காப்பி இருநூற்றைம்பது. அது வேறு கதை.

வகுப்பு முடிவில் "கேள்வி இருக்கா?" என்றார் பயிற்சியாளர். எழுந்து கேட்டேன்: "சார், கொபயாகவா ஹிதெயாகிக்குச் சம்பள உயர்வு எந்த அணி கொடுத்தது?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "லஞ்ச் ரெடியாம். சாப்பிட்டுட்டு வந்து பேசலாமே" என்றார்.