அளவைக் கேட்டோம், தூய்மையைக் கேட்டோமா?

காவிரி நீர் நம் உரிமை. அவ்வுரிமைக்காகத் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் போராடி வருகின்றனர். 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச முறைமன்றம், ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் நமக்கு விடப்பெறுதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்றுமுதல் வந்தது எவ்வளவு, வராதது எவ்வளவு என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றோம். எண்ணுதல் தவறன்று; எண்ணத்தான் வேண்டும். ஆயின், வருகின்ற நீரில் என்ன கலந்து வருகின்றது என்று நம்முள் எத்துணைப் பேர் கேட்டோம்?

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்ணம்பாடி அணைநீரை ஆராய்ந்து, 2022ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அப்பகுதியில் உருச்சிதைந்த மீன்கள் காணப்பட்டமையே அவ்வாய்வைத் தூண்டிற்று. நீர் விரைந்தோடும் இடம், மெல்ல ஓடும் இடம், தேங்கி நிற்கும் இடம் என மூவிடங்களில் நீர் எடுத்து, அதில் வரிக்குதிரை மீனின் கருக்களை வளர்த்துப் பார்த்தனர். மெல்ல ஓடும் நீரிலும் தேங்கிய நீரிலும் வளர்ந்தவற்றுக்கு எலும்பு கோணிற்று, நெஞ்சாங்குலை பழுதுற்றது, மரபணு சிதைந்தது, பல மடிந்தன. நுண்ணுயிர்களை வடித்து நீக்கிய பின்னும் கேடு தொடர்ந்தது. அந்நீரில் நுண்நெகிழித் துகள்கள் இருந்தமையும் கண்டறியப்பட்டது.

நுண்நெகிழி என்பது 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த பிளாசுடிக்குத் துகள். எறிந்த பையும் குப்பியும் வெயிலில் நொறுங்கி அவ்வாறாகின்றன. செயற்கை நூலாடையை வெளுக்குந்தோறும் இழைத்துகள் கழிகின்றது. மீன் அதனை இரையென்று விழுங்குகின்றது. வயிறு நிரம்புகின்றது, உடல் ஊட்டம் பெறுவதில்லை. குடலின் உட்சுவர் புண்படுகின்றது. நெகிழியிற் சேர்த்த வேதிப்பொருள்களும், அது நீரிலிருந்து ஈர்த்துக்கொண்ட நஞ்சுகளும் உடன் செல்கின்றன. சுவீடன் நாட்டு இலுண்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மிக நுண்ணிய துகள்கள் பாசியிலிருந்து நீர்ச் சிற்றுயிர்க்கும், அதனின்று கெண்டையினத்து மீனுக்கும் சென்று, அதன் மூளையையே எட்டி, இரையுண்ணும் இயல்பை மாற்றியமை தெரியவந்தது.

இங்கு ஒன்று கூறுதல் வேண்டும். கண்ணம்பாடி நீரில் சைக்ளோயெக்சில் தொகுதியுடைய வேதிப்பொருள்களும் இருந்தன. எனவே, கேடு முழுவதும் நெகிழியால் மட்டுமே நேர்ந்ததென்று நாம் கூறவில்லை. மாந்தர்க்கு இன்றே பேரிடர் என்று அவ்வாய்வாளரும் கூறவில்லை. மிகைப்படுத்தல் உண்மைக்குப் பகை. ஆயினும், முதுகு கோணிய மீன் முன்னே நிற்கும்போது, முழுச்சான்றும் வரட்டும் என்று கைகட்டி இருத்தல் அறிவுடைமை ஆகுமா?

அணை கன்னடர் நிலத்திலுள்ளது. ஆகவே குற்றம் முழுவதும் அவர்களுடையதே என்று சிலர் எழுவர். அஃது எளிய வழி, நேரிய வழியன்று. மேட்டூருக்குக் கீழே காவிரியைக் கெடுப்பவர் யார்? ஆடிப்பெருக்கன்று கரையில் நெகிழிப்பையை விட்டுச் செல்பவர் யார்? ஒருமுறை எறியும் நெகிழிப் பொருள்கள் 14 வகையைத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. கடைத்தெருவிற் சென்று பாருங்கள். தடை தாளில் உள்ளது, பை கையில் உள்ளது.

ஆதலின் நாம் கேட்பன இவை: காவிரி நீர்ப் பங்கீட்டில் அளவோடு தூய்மையும் உரிமையாக எழுதப்பெறல் வேண்டும். பிலிகுண்டுலுவிலும் மேட்டூரிலும் நுண்நெகிழியை இடையறாது அளந்து மக்கட்கு அறிவித்தல் வேண்டும். ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் வடிக்கப்பெறாமல் ஆற்றில் இறங்கலாகாது, அவ்வாலை எம்மொழியினர்க்கு உரியதாயினும். பிறரை நோக்கி இவற்றைக் கேட்கும் தகுதி, நம் கரையை நாம் தூய்மை செய்யும்போதே நமக்கு வரும்.

பிளாசுடிக்கு என்னும் அயற்சொல்லுக்கு நெகிழி என்று நல்ல தமிழ்ப்பெயர் இட்டோம். பெயர் தூயதாயிற்று; பொருளின் நஞ்சு அதனால் தீரவில்லை. சொல்லில் காத்த தூய்மையை ஆற்றிலும் காப்போம்!