பாண்டியில செட்டில் ஆகலாமா? சனிக்கிழமை பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்ல 'பாண்டி போலாமா?'ன்னு ஒரு மெசேஜ் வந்து விழும். சென்னையில இருக்கிற பாதிப்பேரோட வீக் எண்டு பிளான் அதுதான். ஈ.சி.ஆர்-ல ஏறினா மூணு, மூணரை மணி நேரம். மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரைச் சாலையில ஒரு காபி, பத்து ரீல்ஸ். ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பி வந்துடுவோம்.

இப்போ அதே கேள்வி எங்க வீட்டுல வேற மாதிரி வந்திருக்கு. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போற அப்பா, "பேசாம பாண்டிச்சேரியில ஒரு ஃப்ளாட் வாங்கிட்டு செட்டில் ஆகிடலாமாம்மா? கடல், காத்து, நிம்மதி..."ன்னு ஆரம்பிச்சார். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "தண்ணி எப்படி இருக்கும்?"

உங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு நடக்கலாம். இல்லைன்னா, 'நாற்பது வயசுல வேலையை விட்டுட்டு கடலோரமா ஒரு வீடு' என்பது உங்களோட கனவாகவே இருக்கலாம். அதனால, அம்மா கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிச்சு நான் பார்த்ததையும் படிச்சதையும் உங்ககிட்ட சொல்றேன்.

செவ்வாய்க்கிழமை பாண்டி

நாங்க மூணு பேரும் வேணும்னே ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். பெரிய மார்க்கெட்ல மீன் வாங்குற கூட்டம், நேரு வீதியில ஸ்கூல் விடுற நேரத்து நெரிசல், ரேஷன் கடை, பேங்க், எல்லா ஊர்லயும் இருக்கிறதுதான். ஒயிட் டவுனையும் மத்த பகுதிகளையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டினா, நாம போட்டோ எடுக்காத பாண்டிச்சேரி ஆரம்பிக்குது. ஊரோட பெரும்பாலான மக்கள் வாழ்றது இந்தப் பக்கம்தான். நீங்க குடியேறினாலும் இந்தப் பக்கம்தான் இருப்பீங்க. வெள்ளைச் சுவரும் பிரெஞ்சு பெயர்ப் பலகையும் இருக்கிற வீதிகள் மொத்த ஊர்ல ஒரு சின்ன மூலை மட்டுமே.

அதே ஊர் சனிக்கிழமை வேற முகம் காட்டும். வெளியூர் வண்டிகள், பார்க்கிங் கிடைக்காத தெருக்கள், ராத்திரி ஒரு மணி வரைக்கும் சத்தம். புத்தாண்டு, பொங்கல் மாதிரி தொடர் விடுமுறைன்னா கேட்கவே வேணாம். மாலை 6 மணிக்கு மேல கடற்கரைச் சாலையில வண்டிகளுக்குத் தடை என்பது நடக்கிறவங்களுக்கு வரம். ஆனா அந்த வண்டிகள் எல்லாம் பக்கத்துத் தெருக்கள்லதான் போய் நிக்கும். டூரிஸ்ட்டா நமக்கு அது ரெண்டு நாள் தொல்லை. அங்கே வீடு வாங்கினவங்களுக்கு அது வாராவாரம்.

மணல் எங்கே போச்சு?

கடற்கரைச் சாலையில கருங்கல் மேல உட்கார்ந்து நாம எல்லாரும் போட்டோ எடுத்திருப்போம். 'ராக் பீச்'னு பேரே வெச்சுட்டோம். ஆனா அந்தக் கல் இயற்கையா வந்தது இல்லை. ஒரு காலத்துல அங்கே அகலமான மணல் கடற்கரை இருந்தது.

நம்ம கிழக்குக் கடற்கரையில, வருஷத்தோட பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிக்கிட்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துல மட்டும் கொஞ்சம் திசை மாறும். 1980-களின் இறுதியில ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடல்ல கலக்கிற இடத்துல துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினாங்க. வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவர்ல தடுபட்டு, தெற்குப் பக்கம் சேர ஆரம்பிச்சது. வடக்குப் பக்கம் மணல் வரத்து நின்னுபோச்சு, கடல் அரிச்சுக்கிட்டே வந்தது. ஊரைக் காப்பாத்த கல் கொட்டினாங்க.

கல் கொட்டினா ஊர் தப்பிக்கும், ஆனா அரிப்பு நிக்காது. கல் முடியுற இடத்துக்கு அது நகரும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், அதைத் தாண்டி தமிழ்நாட்டு எல்லைக்குள்ள தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்னு வடக்கு நோக்கிப் போயிட்டே இருக்கு. இதெல்லாம் மீனவ கிராமங்கள். ஃபைபர் படகை இழுத்துப் போட, வலையைக் காய வைக்க, கரைவலை இழுக்க மணல் வேணும். கருங்கல் மேல படகை ஏத்த முடியாது. நமக்குப் போட்டோ எடுக்க ஒரு இடம் கிடைச்சது, அவங்களுக்குத் தொழில் செய்ற இடம் போச்சு.

நல்ல செய்தியும் இருக்கு. சென்னையில இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 2018 வாக்குல தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில இரும்பால ஆன ஒரு பெரிய தடுப்பை இறக்கிச்சு. அலையோட வேகம் குறைஞ்சு, காந்தி சிலை பக்கத்துல மறுபடியும் மணல் சேர்ந்தது. இன்னிக்குக் குழந்தைகள் விளையாடுற அந்த மணல், பொறியாளர்கள் திரும்பக் கொண்டுவந்தது.

கடலோரமா வீடு வாங்குறவங்க இதிலிருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான். இன்னிக்கு உங்க பால்கனிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற மணல், இருபது வருஷம் கழிச்சும் அங்கேயே இருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க.

தண்ணி: குறைவும் கூடுதலும்

அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். புதுச்சேரியோட குடிநீர் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். கடலோரத்துல நல்ல தண்ணியை அதிகமா உறிஞ்சினா, காலியான இடத்துக்குக் கடல்நீர் உள்ளே வரும். ஹோட்டல், ரிசார்ட், அபார்ட்மென்ட்னு போர்வெல் பெருகப் பெருக, கடலுக்குப் பக்கத்துல இருக்கிற வீடுகள்ல தண்ணி உப்புக் கரிக்கும். நாங்க பார்த்த ஒரு ஃப்ளாட்ல அம்மா நேரா சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடிச்சுப் பார்த்தாங்க. புரோக்கர், "ஆர்.ஓ மாட்டிக்கலாம் மேடம்"னார். அம்மா பதில் சொல்லலை. வெளியே வந்து, "குளிக்கிறதுக்கும் ஆர்.ஓ-வா?"ன்னு கேட்டாங்க.

அடுத்தது, தண்ணி அதிகமாகிற நாட்கள். 2011 டிசம்பர் 30 அன்னிக்கு தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்னிக்கு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துலயே கரையேறி, ஒரே நாள்ல 40 செ.மீ-க்கும் அதிகமா மழையைக் கொட்டிட்டுப் போச்சு. தண்ணி சூழ்ந்த வீடுகள்ல இருந்தவங்களை ராணுவம் வந்து மீட்டது. கடலே தெரியாத கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் மாதிரி தாழ்வான பகுதிகள்ல தண்ணி தேங்கிச்சு. அதாவது 'கடலுக்குத் தள்ளித்தானே வாங்குறோம்'னு நிம்மதியா இருக்கவும் முடியாது. முட்டி அளவு தண்ணியில முப்பது வயசுல நடந்துடலாம். எழுபது வயசுல?

வீடு யாருக்கு?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சின்ன போர்ஷனைக் குடும்பத்துக்கு மாச வாடகைக்கு விட்டா 12,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. அதையே ஹோம் ஸ்டேவா மாத்தி ராத்திரிக்கு 3,000 ரூபாய்னு, சனி ஞாயிறு மட்டும் விட்டாலும் மாசம் எட்டு நாளைக்கு 24,000 வருது. வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அவர் மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா ஒரு தெருவுல பத்து வீடு இப்படி மாறினா, அங்கே பக்கத்து வீட்டுக்காரங்கன்னு யாரும் இருக்க மாட்டாங்க. மளிகைக் கடை போய் கஃபே வரும். அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம் வாடகை கட்ட முடியாம ஊருக்கு வெளியே போகும்.

வயசான காலத்துல ஒரு ஊருக்குப் போறவங்களுக்குக் கடல் காத்தை விட முக்கியமானது, ராத்திரி நெஞ்சு வலிச்சா கதவைத் தட்ட ஒரு பக்கத்து வீடு. அது இருக்கிற தெருவாப் பாருங்க.

விளம்பரத்துல பாண்டி, பத்திரத்துல வேற

இது பலபேர் கவனிக்காத விஷயம். புதுச்சேரி ஒரே துண்டா இருக்கிற நிலம் இல்லை, தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். 'பாண்டி பீச் பக்கத்துல'ன்னு விளம்பரம் வர்ற பல மனைகள் விழுப்புரம் மாவட்டத்துல இருக்கு. செரினிட்டி பீச்கூட தமிழ்நாட்டு எல்லைக்குள்ளதான். எல்லை மாறினா பத்திரப்பதிவு அலுவலகம், முத்திரைக் கட்டணம், மின் கட்டணம், ரேஷன் கார்டு எல்லாமே மாறும். சர்வே எண்ணை வாங்கி, எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க.

கடலுக்குப் பக்கம்னா இன்னொரு விஷயமும் இருக்கு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். 'அப்ரூவல் வாங்கிக்கலாம் சார்'ங்கிற வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அனுமதிக் கடிதத்தைக் கையில வாங்கிப் படிங்க.

அப்போ போகவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. கடலோர ஊர்கள்ல, வயசானவங்களுக்குப் பாண்டிச்சேரி அளவுக்கு வசதியான இடங்கள் குறைவு. மத்திய அரசோட ஜிப்மர் மருத்துவமனை ஊருக்குள்ளயே இருக்கு. மேடு பள்ளம் இல்லாத, நடந்து போகக்கூடிய வீதிகள். தமிழ் பேசுற ஊர். சென்னை பஸ்ல நாலு மணி நேரம்.

அதனால இப்படிச் செய்யலாம். வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு இருந்து பாருங்க. அதுவும் ஜனவரி குளிர்ல இல்லை, ஐப்பசி, கார்த்திகை மழையில. ஒரு மே மாசத்துலயும் இருங்க. தெருக்காரங்ககிட்ட ஃபெஞ்சல் அப்போ தண்ணி எதுவரைக்கும் வந்ததுன்னு கேளுங்க. சுவத்துலயே கறை காட்டுவாங்க. குழாய்த் தண்ணியைக் குடிச்சுப் பாருங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல அந்தத் தெருவுல எத்தனை வீட்டுல விளக்கு எரியுதுன்னு எண்ணுங்க.

வீக் எண்டுக்கு மட்டும் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கல் இருக்கிற இடத்துல கடல்ல இறங்காதீங்க, உயிர் போகும். குடியிருப்பு வீதிகள்ல ராத்திரி பாட்டு போடாதீங்க. அந்த மஞ்சள் சுவருக்குப் பின்னால யாரோ ஒருத்தரோட அப்பா தூங்கிட்டு இருக்கலாம்.

எங்க அப்பா ஃப்ளாட் பேச்சைத் தள்ளி வெச்சிருக்கார். ரிட்டயர் ஆனதும், அக்டோபர்லேருந்து ஆறு மாசத்துக்கு ஒரு வாடகை வீடு. கடலிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே, மாடியில, கீழ் வீட்டுல ஒரு டீச்சர் குடும்பம். தண்ணியை அம்மா குடிச்சுப் பார்த்துட்டாங்க, ஓகேவாம்.